கீழே எழுதியிருக்கிறது

கிருஷ்ணப்பிரியாவுக்கு முன்னால் வரிசையில் இன்னும் கொஞ்சம் பிள்ளைகள்தான் மிச்சம். விஜயதசமி என்பதால் திருமுல்லைவாயில் கோயில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. குருக்கள் ஒவ்வொரு பிள்ளையாக இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தாம்பாளத்து அரிசியைக் கையால் நிரவி, பிஞ்சு விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். சில பிள்ளைகள் எழுதின, சில பிள்ளைகள் அலறின, ஒன்று அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனது. கஸ்தூரி மகளின் பட்டுப்பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தினகரன். நேரில் பார்த்தால் சிரிப்பார், போகும்போது வணக்கம் சொல்வார். ஆனால் போன வருஷத்து மழைக்குப் பிறகு அவர் அவளுக்குப் போன் செய்ததே இல்லை.

மண்ணூர்பேட்டையில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரமாக இருக்கும் ஒரு கியர் கம்பெனியில் கஸ்தூரிதான் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு. பொறுப்பு என்றால் ஒற்றை ஆள். அந்த வேலையில் அவளுக்கு மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. தினகரன் அங்கே டிஸ்பாட்ச் பார்ப்பவர். சரக்கைப் பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி, பில் போட்டு, லாரி ஏற்றி அனுப்புகிறவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அந்த ஊர்க்காரர். லேபிளும் பில்லும் சர்வரிலிருந்துதான் வர வேண்டும். சர்வர் படுத்தால் தினகரன் படுத்த மாதிரி, தினகரன் படுத்தால் கம்பெனியே படுத்த மாதிரி.

"கஸ்தூரிம்மா, சிஸ்டம் வர்லம்மா. ஆன் பண்ணா கறுப்பா நிக்கிது. எமர்ஜென்சின்னு இன்னாவோ போட்டுகீது. லாரி வெளில நிக்கிது."

அது என்ன லாரி என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. திருவள்ளூர்ப் பக்கம் புதிதாகப் பிடித்த பெரிய கம்பெனிக்குப் போகிற முதல் லோடு. பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமி அன்றே, ராகு காலம் தொடங்குவதற்குள் அந்த லாரி கேட்டைத் தாண்ட வேண்டும் என்று முதலாளி சண்முகசுந்தரம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்காகவே பாதிப் பேரை லீவு நாளில் வரச் சொல்லியிருந்தார். கஸ்தூரிக்கு மட்டும், மகளுக்கு எழுத்து ஆரம்பிக்கிற நாள் என்று விடுப்பு கொடுத்திருந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த பிள்ளை என்பது அவருக்கும் தெரியும்.

போன வருஷத்து மழையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எஸ்டேட் முழுக்க முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற அந்த டிசம்பரில் அப்போதிருந்த பழைய சர்வரும் இதே மாதிரி படுத்தது. கஸ்தூரி ஆவடியில், கணவனின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தாள். சர்வர் அறைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது தினகரன் ஒருவர்தான். போனிலேயே சொல்லிச் செய்யவைத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அந்த மாதிரி நேரத்தில் திரையில் ஜன்னலும் இருக்காது, படமும் இருக்காது, மவுஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். உள்ளே ஏதோ ஒரு ஃபைலில் ஏதோ ஒரு வரி உதைக்கும். அதைத் திறந்து திருத்த எடிட்டர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். கஸ்தூரிக்குத் தெரிந்தது, பிடித்தது, பதினைந்து வருஷமாகக் கையோடு ஒட்டிக்கொண்டது வி.ஐ. என்கிற எடிட்டர்.

வி.ஐ. ஒரு தினுசு. திறந்தால் எதையும் சொல்லாது, எதையும் கேட்காது. தட்டுகிற எழுத்து ஒரு நேரம் எழுத்தாக விழும், இன்னொரு நேரம் கட்டளையாக விழும். இப்போது எந்த நேரம் என்பது தெரிந்தவருக்குத்தான் தெரியும். உள்ளே போனவர் வெளியே வருவதற்கே தனியாகப் படிக்க வேண்டும். பழகிவிட்டால் விரல் பறக்கும். கஸ்தூரியின் விரல் பறக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வரத் தெரியாமல், மெஷினையே அணைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதவள் அவள். அதனால்தான் அந்தப் பறத்தல் அவளுக்குப் பெருமை. யாராவது பின்னால் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டுவாள், அது அவளுக்கே தெரியும்.

அன்றைக்கு மழையில் தினகரன் தட்டியது ஒன்றும் திரையில் விழவில்லை. விழவில்லையே என்று அவர் திரும்பத் திரும்பத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி காணாமல் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை; போனின் இந்தப் பக்கம் இருந்த அவளுக்கும் தெரியவில்லை. சரி, சேவ் பண்ணிடுங்க என்று அவள் சொன்னாள். அவர் பண்ணிவிட்டார். அதோடு போயிற்று. பிறகு அவள் அம்பத்தூர் வரைக்கும் கிடைத்த வண்டியில் வந்து, அங்கிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து, எல்லாவற்றையும் திரும்பக் கட்டி எழுப்பினாள். யாரோ மாடியிலிருந்து படம் எடுத்தார்கள். ஆண்டு விழாவில் முதலாளி அவளுக்குச் சால்வை போட்டார், படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். தினகரனுக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர்தான். லைன் முழுங்கி. லோடு ஏற்றுகிறவர்கள் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சேவ் பண்ணச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. தோளில் சால்வை கிடந்ததால் கஸ்தூரியும் வாயைத் திறக்கவில்லை. தினகரன் அதற்குப் பிறகு இந்த விஜயதசமி வரைக்கும் சர்வர் அறையில் கால் வைக்கவே இல்லை.

அந்தப் படத்தைத் தினமும் காலையில் தாண்டித்தான் அவள் உள்ளே போக வேண்டும். முதல் மாதம் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு ஒருநாள், ஒரே ஒரு வரியைத் திருத்தத்தானே இவ்வளவு தூரம் தண்ணீரில் நடந்தோம் என்று தோன்றிவிட்டது. தோன்றியதைத் திரும்ப உள்ளே தள்ள முடியவில்லை. போன ஆடியில் சர்வரைப் புதிதாக மாற்றியபோது அவள் பழுது பார்ப்பதற்கென்று எல்லா மெஷினிலும் நானோ என்கிற எளிய எடிட்டரைப் போட்டாள். எழுத்தைத் தட்டினால் எழுத்து விழும். அடியில் இரண்டு வரியில், எந்தச் சாவியைத் தட்டினால் என்ன நடக்கும் என்று எப்போதும் எழுதியே இருக்கும். அதில் பறக்க முடியாது. நடக்கலாம்.

சர்வரை விற்ற இடத்திலிருந்து வந்த ஆனந்தன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, வேலை தெரிந்தவர். தெரிந்தவருக்கே உரிய சிரிப்பு அது. முதலாளியையும் வைத்துக்கொண்டு, "மேடம், உங்க கைக்கு இதுவா? ஸ்கூல் பசங்க வச்சிக்கிறது" என்றார். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டில் எது நல்லது என்று அவளிடமே கேட்டார். கஸ்தூரிக்குக் காது சுட்டது. வி.ஐ.தான் சார் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் நல்லது.

"என் கைக்கு அதுதான் சார் நல்லது. ஆனா ரிப்பேர் வர்ற அன்னிக்கு என் கை அங்க இருக்குமான்னு தெரியாதே" என்றாள்.

முதலாளிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, தலையை ஆட்டினார். ஆனந்தன் அன்று மாலை வாட்ஸாப் குழுவில் கஸ்தூரி மேடம் வி.ஐ.யிலிருந்து ஓய்வு பெற்றார் என்று ஒரு பூமாலை படத்தோடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கணவன் கோவிந்தராஜிடம் தேவையில்லாமல் சண்டை போட்டாள்.

இப்போது கோயில் மண்டபத்தில், போனைக் காதில் அழுத்திக்கொண்டு, திரையில் மேலே என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். தினகரன் இங்கிலீஷை எழுத்தெழுத்தாகப் படித்தார். பேக்கப் என்ற சொல் வந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தப்பு வேறு யாருடையதும் இல்லை.

ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் தங்கள் தொழில் சாமானைக் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். லேத்துக்காரர்கள் வெர்னியர் அளவுகோல், மெயின்டனன்ஸ்காரர்கள் ஸ்பானர். கஸ்தூரி வருஷா வருஷம் பழைய கீபோர்டு ஒன்றை வைப்பாள். இந்த வருஷம், கம்பெனியின் மொத்தக் கணக்கும் சேர்ந்திருக்கிற பேக்கப் டிஸ்க்கையே வைத்தால் என்ன என்று நினைத்து, சர்வரிலிருந்து கழற்றிக்கொண்டுபோய் நடுவில் வைத்தாள். வெர்னியருக்கும் ஸ்பானருக்கும் நடுவில் அது கெத்தாகத்தான் இருந்தது. எல்லா மெஷினுக்கும் ஒருநாள் ஓய்வு என்று முதலாளி சர்வரையும் அணைக்கச் சொன்னார். வழக்கமாக அணைக்காதது. அணைத்ததைத் திரும்பப் போடும்போது சர்வர் அந்த டிஸ்க்கைத் தேடும், கிடைக்காவிட்டால் அடம் பிடித்து நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தேடச் சொல்லி அந்த வரியை எழுதியவளே அவள்தான்.

டிஸ்க்கை எடுத்து மாட்டிப் பார்க்கச் சொன்னாள். பூஜையில் அதைப் பார்த்த ஞாபகத்தில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்ததாகத் தினகரன் சொன்னார். பூஜையில் யாரோ பக்தியோடு அப்பிய சந்தனம் சொருகுகிற ஓட்டைக்குள் போய்க் காய்ந்திருந்தது. லைட் எரியவில்லை. ஆனந்தனுக்கும் தினகரன் போன் செய்து பார்த்திருந்தார், அவர் எடுக்கவில்லை; குடும்பத்தோடு மலை ஏறியிருந்தார்.

ஆக, அந்த வரியின் தலையில் ஒரு குறி போட்டு, சர்வர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும்படி செய்ய வேண்டும். ஒரே ஒரு குறி. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். தினகரன் செய்ய வேண்டும்.

"நான் தொட்ல கஸ்தூரிம்மா. போன வாட்டி பட்டது போதும். வேற யார்னா சொல்லு."

அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவளுக்குக் கூசியது. வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நேராக வந்துவிடுகிறேன் என்று சொல்லலாம். ஸ்கூட்டி சாவி கையில்தான் இருந்தது. பட்டுப்புடவையில் ஸ்கூட்டியில் போய் இறங்கினால் வரவேற்பறையில் மாட்ட இன்னொரு படம் கிடைக்கும். பண்டிகை நெரிசலில், திருவள்ளூருக்குப் போகிற அந்த சி.டி.எச். நெடுஞ்சாலையைத் தாண்டிப் போவதற்குள் ராகு காலம் வந்துவிடலாம், வராமலும் போகலாம். கிருஷ்ணப்பிரியா அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து இழுத்து, நம்ம எப்போ என்று கேட்டது. கஸ்தூரி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, இது பழசு இல்ல. வேற. நீங்க தட்டுறது அப்படியே தெரியும். தப்பாப் போனா நான் பாத்துக்கறேன். தட்டுங்க."

நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, சொல்லு என்றார். முதலில் பாஸ்வேர்டு. இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாத அதை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுண்டல் வாங்க நின்ற கூட்டத்துக்கு நடுவில் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தட்டினால் ஒன்றும் விழவில்லையே என்று அவர் பதறினார். பாஸ்வேர்டு மட்டும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது, எண்டர் தட்டுங்கள் என்றாள். போய்விட்டது. நானோ என்று தட்டச் சொன்னாள், ஓர் இடைவெளி விடச் சொன்னாள், ஃபைலின் பெயரைச் சொன்னாள். திறந்துவிட்டது. பேக்கப் என்று இருக்கிற வரிக்கு அம்புச் சாவியால் இறங்கிப் போகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு வரியாக இறங்குவது அவளுக்கு இங்கிருந்தே தெரிகிற மாதிரி இருந்தது.

"கீழ ரெண்டு வரி இருக்கா? அதுல எழுத்துக்கு முன்னால கூரை மாதிரி ஒரு குறி இருக்கும். அப்படி இருந்தா கன்ட்ரோல் சாவியைச் சேர்த்துத் தட்டணும்னு அர்த்தம். அதை அப்புறம் பாக்கலாம். இப்ப நம்பர் மூணுக்கு மேல ஒரு குறி இருக்கில்ல, அதை அந்த வரி ஆரம்பத்துல—"

அதோடு லைன் கட்டாகிவிட்டது. கூட்டம் அத்தனை பேரும் பிள்ளை எழுதுவதை வீடியோவாக யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் எங்கிருந்து இருக்கும். திரும்ப அடித்தாள், போகவில்லை. இன்னொரு முறை அடித்தாள். குருக்கள் அடுத்தது என்று கையை நீட்டினார்.

கோவிந்தராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தான். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் போ என்றும் இருந்தது, போகாதே என்றும் இருந்தது. கஸ்தூரிக்கு ஒரு கால் மண்டபத்தில், ஒரு கால் வெளியில். தினகரன் குறியைப் போட்டிருப்பாரா, வரியைத் தின்றிருப்பாரா, பயந்து எழுந்துபோயிருப்பாரா? மறுபடியும் ஒரு தப்பு நடந்தால் அந்த மனுஷர் இனி அந்தக் கம்பெனியில் தலை நிமிர முடியாது. நானோவைப் போட்டது யார் என்ற கேள்வி வரும். பூமாலை படம் மறுபடியும் குழுவில் வரும். குருக்கள் பிரியாவின் விரலைப் பிடித்தார். கஸ்தூரி அதைப் பார்த்தாள். ஒரு சுழி, ஒரு வளைவு, கீழே இறங்கும் ஒரு கோடு. பிரியா அலறவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, தானே எழுதுகிற மாதிரி எழுதியது. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் கஸ்தூரி வெளியே ஓடினாள்.

கோபுரத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் சிக்னல் வந்தது. ஸ்கூட்டியில் சாவியைப் போட்டுவிட்டாள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

"அண்ணே, எதையும் தொடாதீங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நீ வராதம்மா. முடிஞ்சிச்சு."

அவளுக்கு அது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை. என்ன முடிந்தது என்று கேட்டாள்.

"மூணுக்கு மேல கீற குறிய அந்த வரி முன்னால போட்டேன். அப்பால நீ சொன்னியே, கூரை. கீழ எழுதிகீது. எக்ஸிட்னு இருந்துச்சு, தட்டினேன். சேவ் பண்ணட்டான்னு அதுவே கேட்டுச்சும்மா. பண்ணுன்னேன். ரீபூட் மட்டும் போன வருஷமே தெரியும். தட்டினேன். வந்துச்சு. லேபிள் ஓடிகினு கீது, சத்தம் கேக்குதா?"

கேட்டது. லேபிள் பிரிண்டர் கர்ர் என்று இழுத்து, டக் என்று வெட்டி, திரும்ப இழுக்கிற சத்தம். கஸ்தூரிக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. சால்வை போட்டபோதுகூட இப்படி வரவில்லை. அவள் இல்லாத இடத்தில் அவள் வைத்துவிட்டு வந்த ஒன்று, அவளைப் போலக் கத்தாமல், அவளைப் போல அவசரப்படாமல், அந்த மனுஷரிடம் பண்ணட்டுமா என்று கேட்டிருக்கிறது. அந்தப் பெருமை நெஞ்சு கொள்ளாமல் வந்தது. கூடவே சின்னதாக ஒரு முள்ளும் குத்தியது. நீ வராதம்மா என்று இதுவரைக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் அவளிடம் சொன்னதில்லை. குத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு மழையில சேவ் பண்ணச் சொன்னது நான்தான்."

பிரிண்டர் இரண்டு மூன்று லேபிளை வெட்டியது.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. கொயந்த எய்திச்சா?"

எழுதிவிட்டது என்றாள். நல்லா எழுதினாளா என்று கேட்டார். நல்லா எழுதினாள் என்றாள். லாரிக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று சொல்லி அவர்தான் போனை வைத்தார். நாளைக்குப் போனதும் முதல் வேலையாக முதலாளியிடம் அந்தச் சால்வைக் கதையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சொல்வாளா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

பிறகு அர்ச்சனை, பிரசாதம், தெரிந்தவர்கள், போட்டோ. சுண்டல் தொன்னையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் கஸ்தூரி போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அது ஒருமுறையும் அடிக்கவில்லை. கோவிந்தராஜ் அதைப் பார்த்துவிட்டு, ரிப்பேரா என்று கேட்டான். இல்லை, நன்றாக இருக்கிறது என்றாள்.

பிரசாதப் பைகளோடு மூவரும் ஸ்கூட்டியில் ஏற முடியாது என்பதால், வண்டியைக் கோவிந்தராஜிடம் விட்டு, பஸ்ஸில் போகிறேன் என்று பிரியாவைக் கூட்டிக்கொண்டு சி.டி.எச். ரோட்டுக்கு வந்து நின்றாள். அம்பத்தூர்ப் பக்கமிருந்து வண்டிகள் மாலையும் குங்குமமுமாக வந்துகொண்டிருந்தன. ஷேர் ஆட்டோவுக்குப் பூ, பஸ்ஸுக்கு வாழைக்கன்று, தண்ணி லாரிக்குக்கூடப் பொட்டு. அவற்றுக்குப் பின்னால் அந்த லாரி வந்தது. முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தீற்றியிருந்தார்கள்; முன் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் தோல் இன்னும் ஒட்டியிருந்தது. தார்ப்பாய் விலகியிருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளும், பெட்டிக்கு ஒன்றாக வெள்ளை லேபிளும், லேபிளில் அவளுடைய கம்பெனியின் பெயரும் தெரிந்தன. கஸ்தூரி தன்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டாள். டிரைவருக்கு அவளைத் தெரியாது. ரோட்டைக் கடக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து நீளமாக ஒரு ஹார்ன் அடித்தான். அரிசி ஒட்டிய விரலால் காற்றில் எதையோ எழுதிக்கொண்டிருந்த மகளை அணைத்துக்கொண்டு, கஸ்தூரி ஓரடி பின்னால் நகர்ந்து லாரிக்கு வழிவிட்டாள்.